இன்னும் நாலு அழுகை

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடனுக்கு நாற்பத்தாறு. அதைப் பற்றி இருவருக்குமே கூச்சம் இல்லை.

குருவின் பெயர் தஸ்லிமா. சாலிகிராமத்தில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால், மூடிக்கிடந்த டப்பிங் தியேட்டரை வாடகைக்கு எடுத்து, வீடியோ கேம்களுக்குச் சத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வீரன் நடந்தால் இங்கே ஒருவர் மணல் தொட்டிக்குள் நடக்க வேண்டும். அங்கே எலும்பு முறிந்தால் இங்கே முருங்கைக்காய் முறியும். அங்கே காடு எரிந்தால் இங்கே பிளாஸ்டிக் பை கசங்கும். கேட்பவன் காதுக்கு அது எலும்பாகவும் நெருப்பாகவும் போய்ச் சேர வேண்டும்.

சீடன் தணிகைவேல் அதற்கு முன் கல்யாணக் கச்சேரிகளுக்கு சவுண்ட் மிக்ஸர் பார்த்தவன். காது நல்ல காது. எதிரே நடந்து போகும் பெண்ணின் கொலுசில் ஒரு மணி உதிர்ந்திருந்தால் சொல்லிவிடுவான். கேம் சத்தம் என்று ஒரு தொழில் இருப்பதை யார் மூலமாகவோ தெரிந்துகொண்டு, தன்னைவிட இளையவரிடம் வந்து, “கத்துக்கொடுங்க மேடம்” என்று நின்றான்.

முதல் வாரம் முழுக்க அவர் அவனை மணலில் நடக்கவிட்டார். செருப்போடு, வெறுங்காலோடு, பூட்ஸோடு. ஓடி, பதுங்கி, நொண்டிக்கொண்டு.

அவனுக்குச் சலித்துவிட்டது. “ஒரு காலடி போதாதா மேடம்? அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்க மாட்டாங்களா?”

தஸ்லிமா அவன் நடந்ததில் மிக நல்ல காலடி ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவனை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதலில் யாரோ நடந்து வருவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆள் போய்விட்டான், கால் மட்டும் மிச்சம். பிறகு காலும் போய்விட்டது. யாரோ அவன் மண்டையில் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

“சினிமாவுல சத்தம் எப்ப வரணும்னு டைரக்டர் முடிவு பண்றார்,” என்றார் தஸ்லிமா, டீயை ஆற்றிக்கொண்டே. “இங்க பட்டன் விளையாடறவன் கையில இருக்கு. எத்தனை தடவை அமுக்குவான்னு நமக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு அவன் முகம் சுளிக்காமல் நடந்தான்.

நடந்து முடித்ததும் அவர் அவனுக்கு ஒரு சின்ன ரெக்கார்டர் கொடுத்தார். சட்டைப் பையில் அடங்குகிற அளவு. “இது எப்பவும் உங்ககிட்ட இருக்கட்டும்ணே. நல்ல சத்தம் வரும்போது நாம எடுக்கப் போறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

அவன் அதைக் குளிக்கப் போகும்போது மட்டும்தான் வெளியே எடுத்துவைத்தான். இரண்டு வருஷத்தில் கேட்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. பஸ்ஸில் யாராவது சண்டை போட்டால் என்ன சண்டை என்று கேட்க மாட்டான். குரல் எங்கே உடைகிறது என்று கேட்பான்.

பெங்களூரில் இருந்த ஒரு கம்பெனி பெரிய வேலையாக ஒன்று கொடுத்தது. பழைய காலத்துப் போர். விளையாடுகிறவன் வில்லாளி. அவன் விடும் அம்பு கிராமத்துப் பையன் யார்மேலாவது பட்டால், குடிசைக்குள்ளிருந்து அந்தப் பையனின் தாய் ஓடிவந்து அவன்மேல் விழுந்து அழ வேண்டும்.

“அந்த அழுகையைக் கேட்டா விளையாடறவன் வில்லைக் கீழ போட்டுடணும்,” என்றான் விக்ராந்த். கம்பெனியிலிருந்து போனில் பேசுகிறவன் அவன்.

நாடகத்தில் நடிக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிவந்து அழவைத்தார்கள். அந்த அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது.

“ரொம்ப நல்லா நடிச்சிருக்காங்க,” என்றான் விக்ராந்த். “அதான் பிரச்சினை.”

இன்னொருவரை வைத்து எடுத்தார்கள். அதுவும் திரும்பி வந்தது.

அந்த வாரத்தில்தான் தணிகைவேலின் அக்கா மகன் கிஷோர் செத்துப்போனான். காலேஜ் கடைசி வருஷம். பைக்கில் போனவனைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது.

தணிகைவேல் அரக்கோணத்துக்கு ஓடினான். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வரவில்லை. கோமளா அக்கா ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குளிர்பெட்டியை இறக்கிவைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது எந்தச் சுதியில் ரீங்கரிக்கிறது என்று அவன் காது பார்த்தது. சே, என்று தலையை உதறிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியது. பின்கதவு திறந்தது.

அக்கா அவன் கையை உதறிவிட்டு எழுந்தாள். அவள் வாயிலிருந்து வந்ததை அவன் அதற்குமுன் எந்த மனித வாயிலிருந்தும் கேட்டதில்லை. அது ஒரு சொல்லாகத் தொடங்கவே இல்லை. எங்கே முடியும் என்பதும் தெரியவில்லை. பந்தலில் இருந்த ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தணிகைவேலின் கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. எப்போது போனது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கை போனதும், அது தன் கைதான் என்று தெரிந்ததும், அவன் அதை வெளியே எடுக்கவில்லை. கூட்டம் அவளைப் பிடிக்கப் போனபோது அவன் மட்டும் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றான். மற்றவர்கள் குரல் அதன்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று.

எல்லோரும் அழுத அந்த நாளில் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள், “ஊர்ப்பக்கம் நாடகத்துல நடிக்கிற ஒரு அம்மா மேடம்,” என்று தஸ்லிமாவிடம் கொடுத்தான்.

தஸ்லிமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார்.

“யாருன்னு சொன்னீங்க?”

“நாடக நடிகை மேடம்.”

“சரி,” என்றார். அன்றைக்கே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

விக்ராந்த் கூப்பிட்டான். “சிலிர்த்துப் போச்சு மேடம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுந்து வெளிய போயிட்டார். இதுதான். இதேதான்.”

தணிகைவேலுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்ததே என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து விக்ராந்த் மறுபடி கூப்பிட்டான். தஸ்லிமா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஒரு சின்ன விஷயம் மேடம். கேம்ல ஓடவிட்டுப் பார்த்தோம். முதல் பையன் விழும்போது உலுக்குது. மூணாவது பையனுக்கும் அதே அழுகை வருதா, பழகிப் போயிடுது. விளையாடிப் பார்க்கிற எங்க டெஸ்டர் ஒருத்தன் கூடவே அழுது காட்டிச் சிரிக்கிறான். அதே அம்மாவை வெச்சு இன்னும் நாலு அழுகை எடுத்துக் கொடுத்துடுங்களேன்.”

விக்ராந்த் போனை வைத்தான்.

“அந்த அம்மா திரும்ப அழுவாங்களா?” என்று கேட்டார் தஸ்லிமா.

“கேட்டுப் பார்க்கறேன் மேடம்.”

“எந்த ஊரு?”

“அரக்கோணம் பக்கம்.”

தஸ்லிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போயிட்டு வாங்க,” என்றார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ரயிலில் அவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு போனான். அக்காவைப் பார்க்கப் போகத்தானே வேண்டும். தம்பியைப் பார்த்தால் அவள் அழத்தான் போகிறாள். நான் அழவைக்கப் போவதில்லை. வருவதை எடுத்துக்கொள்ளப் போகிறேன், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் நின்று, பைக்குள் கைவிட்டு ரெக்கார்டரை ஓடவிட்டான். பிறகுதான் கூப்பிட்டான்.

“வாடா தணிகா,” என்றாள் கோமளா.

அவன் திடுக்கிட்டான். அது அக்காவின் குரலே இல்லை. காய்ந்த ஓலையை உரசியது போல இருந்தது.

“தொண்டைக்கு என்னக்கா?”

“அன்னைக்குப் போனதுதான். டாக்டர் மருந்து கொடுத்திருக்காரு. வரும்னாரு. நீ சாப்ட்டியா?”

அவள் இலை போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தான். அவள் அழவில்லை. ரயில் கூட்டமா என்று கேட்டாள். அவன் மனைவிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்பளம் வைத்தாள்.

அவன்தான் தொடங்கினான்.

“அன்னைக்குக் காலைல கிஷோர் என்ன சாப்ட்டுட்டுப் போனான்க்கா?”

அவள் கை கரண்டியோடு நின்றது.

“இட்லி. ரெண்டு. இன்னொண்ணு வெச்சேன், வேணாம்னுட்டான்.”

“எந்தச் சட்டை போட்டிருந்தான்?”

“நீ தீபாவளிக்கு எடுத்தது.”

“கிளம்பறப்போ ஏதாவது சொன்னானா?”

கோமளா உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தலைக்குமேல் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

சத்தம் வரவில்லையே என்று நினைத்தான் தணிகைவேல்.

அந்த நினைப்பைத் தானே கேட்டதும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“என்னடா அது, சிவப்பா மின்னுது?”

அவனுக்குப் பொய் வரவில்லை. “ரெக்கார்டர்க்கா.”

“சத்தம் புடிக்கிறதா?” அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று ஏறியது. “அவன் பேசினது ஏதாவது இருக்காடா இதுல?”

அவன் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

“அவன் போன் நசுங்கிப் போச்சு. அதுலதான் எல்லாம் இருந்துச்சாம். நீ எத்தனை தடவை வந்திருக்க. உன்கூடத்தான் வாய் ஓயாம பேசுவான். ஊர்ல இருக்கற தவளை சத்தமெல்லாம் புடிப்பியே. ஒரே ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் போதும். அம்மான்னு கூப்பிட்டது இருந்தா போதும்.”

“இல்லக்கா.”

“தேடிப் பாருடா.”

“இல்லக்கா. எடுக்கல.”

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“சரி விடு. நீ என்ன பண்ணுவ. மோர் ஊத்தட்டுமா?”

மறுநாள் மத்தியானம் தஸ்லிமா மணல் தொட்டியைச் சலித்துக்கொண்டிருந்தார். தணிகைவேல் போய் எதிரே நின்றான்.

“அந்த அழுகை என் அக்காவோடது மேடம்.”

“தெரியும்.”

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. “எப்படி?”

“நடிக்கிறவங்க அடுத்த மூச்சுக்கு இடம் வெச்சுட்டுத்தான் அழுவாங்க. அதுல இடமே இல்ல. துக்கத்துக்குப் போயிட்டு வந்த மறுநாள் கொண்டாந்தீங்க.”

“தெரிஞ்சும் ஏன் அனுப்பினீங்க?”

தஸ்லிமா சல்லடையை ஆட்டுவதை நிறுத்தினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லா இருந்துச்சு,” என்றார்.

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக ஷெட்டுக்குள் நுழைந்தது.

அரக்கோணத்தில் நடந்ததை அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். இட்லியைக் கேட்டது, சட்டையைக் கேட்டது, மின்விசிறி, மோர், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அதை எடுத்துடச் சொல்ல முடியுமா மேடம்?”

“கேம் இன்னும் வெளிய வரல. சொல்லலாம். ஆனா அந்த இடத்தை வெறுமையா விட மாட்டாங்க. வேற ஒண்ணு கொடுக்கணும்.”

“யாரை வெச்சு எடுக்கறது?”

தஸ்லிமா எழுந்து கையைத் தட்டி மணலை உதறினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நின்றுகொண்டிருந்த மைக்கைக் காட்டினார்.

“தாய் வேணும்னாங்க. தகப்பன் ஓடிவந்து அழுதாலும் ஒத்துக்குவாங்க. போய் நில்லுங்கண்ணே.”

அவன் போய் நின்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார். அவன் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அழுதான்.

“நடிப்பு,” என்றது அவன் காதுக்குள் அவர் குரல்.

மறுபடி அழுதான்.

“அதே நடிப்பு.”

“வரல மேடம். எனக்கு அன்னைக்கே வரல.”

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். “கிஷோர் உங்களை எப்படிக் கூப்பிடுவான்?”

அவன் கண்ணைத் திறந்தான். அவர் என்ன செய்கிறார் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. நேற்று குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் செய்த அதே வேலை. புரிந்தும் வாய் பதில் சொன்னது.

“மாமா.”

“நீங்க பண்ற வேலை அவனுக்குத் தெரியுமா?”

“அதுல அவனுக்குப் பைத்தியம் மேடம். நாம பண்ணின கேமெல்லாம் விளையாடியிருக்கான். இந்தக் கதவுச் சத்தம் நீதான மாமான்னு போன் பண்ணுவான்.”

“கடைசியா எப்ப பேசினான்?”

“செத்துப்போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை.”

“என்ன கேட்டான்?”

தணிகைவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டான். மைக்கைத் தொடக் கூடாது என்று இரண்டு வருஷம் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தஸ்லிமா ஒன்றும் சொல்லவில்லை.

“என் குரலை ஒரு கேம்ல வை மாமான்னு கேட்டான். சும்மா ஒரு சிப்பாய், அம்பு பட்டு ஆன்னு கத்தறவன், அது போதும்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உன் குரல் நல்லா இல்லடான்னு சொன்னேன்.”

அதற்குமேல் நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான். பந்தலில் வராதது, ரயிலில் வராதது, அக்காவின் இலைக்கு முன்னால் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவனால் அதைக் கேட்க முடியவில்லை. ஹெட்போன் கழன்று விழுந்து கிடந்தது. வெகுநேரம் அழுதான்.

பிறகு மெல்ல அடங்கியது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

“மைக்ல விழுந்துச்சா மேடம்?”

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

தஸ்லிமா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“விழுந்துச்சு,” என்றார். “அனுப்பட்டுமா? இது போனா அக்காவோடதை எடுத்துடுவாங்க.”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முகம் தெரியாத ஒரு பையன் எங்கேயோ கட்டிலில் படுத்துக்கொண்டு பட்டனை அமுக்குவது கண்முன் வந்தது. அமுக்குகிறான். தணிகைவேல் ஓடிவந்து விழுந்து அழுகிறான். மறுபடி அமுக்குகிறான். மறுபடி அழுகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதைப் போலவே அழுது காட்டிச் சிரிக்கிறான்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா மேடம்?”

“யோசிங்க,” என்றார் தஸ்லிமா. “உங்களையாவது ஒரு வார்த்தை கேட்டேன் இல்ல?”